வட்டவிதானையார் மௌத்தாக மறுத்த விஞ்ஞானம்

அளவற்ற அருளாளனின் பெயரால் ஆரம்பிக்கிறேன்.

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருப்பவரும், நிறைத்தது போதாதென்று பக்கத்து நாற்காலியிலும் பாதியைப் பிடித்திருப்பவரும், நிந்தவூர் வயல்வெளியில் வாய்க்காலுக்கு வாய்க்கால் நீரைப் பங்கிட்டு நீதியையும் பங்கிட்ட வட்டவிதானையாரும், என் மூத்த சகோதரியின் கணவர் என்ற முறையில் எனக்கு மச்சானும், இனி எந்தக் காலத்திலும் மௌத்தாகப் போவதில்லை, சாகப் போவதே இல்லை என்று அண்மையில் முடிவெடுத்தவருமான தலைவர் முகைதீன்பாவா ஹாஜியார் அவர்களே!

அவருக்கு வலப்புறம் அமர்ந்து, இந்த மேடையில் மார்க்கத்துக்கு மாறாக ஏதும் பேசிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய மௌலவி அவர்களே! காரைதீவிலிருந்து பஸ்ஸை நம்பாமல் சைக்கிளை நம்பி, எல்லோருக்கும் முதல் வந்து முன்வரிசையைப் பிடித்த நண்பர் நல்லரெத்தினம் மாஸ்டர் அவர்களே! இத்தனைக்கும் காரணமான குற்றவாளி, பௌதிகவியல் ஆசிரியர், அன்பு மருமகன் பஸால் அவர்களே! வெள்ளாமை வேலையை விட்டுவிட்டு வந்த விவசாயப் பெருமக்களே, வலையைக் காயப்போட்டு வந்த கடற்றொழிலாளத் தோழர்களே, தேத்தண்ணியும் வாழைப்பழமும் உண்டு என்று கேள்விப்பட்டு வந்த இலக்கிய ஆர்வலர்களே! திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, இந்தப் பக்கத்தை விடப் பலமாகச் சிரிக்கப்போகும் தாய்மார்களே, சகோதரிகளே! அவர்கள் நடுவே சிரிக்காமல் அமர்ந்திருக்கும் தலைவரின் மனைவி, என் ராத்தா ஹாஜறா அவர்களே! உங்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்! வணக்கம்!

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்காரரே, கொஞ்சம் கூட்டுங்கள். காலிதீனின் குரலுக்கு மைக் தேவையில்லை, காரைதீவுச் சந்தி வரை கேட்கும். ஆனால் வாடகைக்கு எடுத்த பொருளைப் பாவிக்காமல் விட்டால் கூட்டத்தை ஏற்பாடு செய்த வாசகர் வட்டத்துக்கு மனம் நோகும்.

அன்பர்களே! நான் யார்? கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருப்பவன். கலியாண வீட்டில் மாப்பிள்ளையை வாழ்த்த வேண்டுமா, காலிதீன்! கந்தூரியில் கணீரென்று கதைக்க வேண்டுமா, காலிதீன்! கட்டடம் திறக்க வேண்டுமா, காலிதீன்! கட்டி முடிக்காத கட்டடத்தையே திறந்துவைத்துக் கண்ணீர் மல்கப் பேசியவன் இந்தக் காலிதீன்! ஆனால் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு என்ன? 'குவாண்டம் பௌதிகமும் சாகாவரமும்.' இதைத் தந்தது யார்? பல்கலைக்கழகமா? இல்லை. வாசகர் வட்டமா? இல்லவே இல்லை. தந்தவர் தலைவர்! கடைக்கே வந்து, சேலைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார்:

"மச்சான், நான் மௌத்தாக மாட்டன் எண்டதை விஞ்ஞான ரீதியா மேடையில நிறுவிப் போடுங்க. உங்கட ராத்தா நம்புறா இல்ல."

ஏன் நிறுவ வேண்டும்? இங்கேதான் சங்கதி இருக்கிறது. தலைவரின் இருதயத்தில் மூன்று குழாய்கள் அடைத்திருக்கின்றன. இது இரகசியமில்லை. படம் எடுத்த அன்றே அதைச் சந்தையில் எல்லோருக்கும் காட்டியவர் அவரேதான். கண்டியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. நாளை மறுநாள் சிகிச்சை. நாளை விடிய இங்கிருந்து புறப்பட வேண்டும். இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று தெரியாது, கிடைக்கும் வரை இருதயம் பொறுக்குமா என்றும் தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ராத்தா கெஞ்சினாள், பிள்ளைகள் கெஞ்சினார்கள், நான் கெஞ்சினேன். தலைவர் அசையவில்லை. கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தார். மன்னிக்கவும், மௌலவி பார்க்கிறார், பந்தயம் என்று சொல்லக்கூடாது, ஒப்பந்தம். இந்த மேடையில் விஞ்ஞானம் அவர் பக்கம் நின்றால் அவர் வீட்டில் இருப்பார். நிற்காவிட்டால் கண்டிக்குப் போவார். அதற்காகத்தான் இந்தப் பந்தல், இந்த விளக்கு, இந்த நான்!

சரி, நெல்லோடும் நீரோடும் வாழ்ந்த மனிதருக்கு இந்த நினைப்பு எப்படி வந்தது? கேளுங்கள்.

மாசி மாதம். பெரும்போக வெள்ளாமை வெட்டுக் காலம். முதல் நாள் சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்ததற்காக ராத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட தலைவர், அந்தக் கோபத்தில் போனை வீட்டிலேயே போட்டுவிட்டு விடியற்காலையில் வயலுக்குப் போய்விட்டார். அதே காலையில் பாலமுனையில் ஒரு நல்ல மனிதர் காலமானார். அவர் பெயரும் முகைதீன்பாவா. அல்லாஹ் அவருக்குச் சுவர்க்கத்தை வழங்குவானாக. முகநூலில் யாரோ ஒரு புண்ணியவான் ஜனாஸா அறிவித்தல் போட்டார். பெயர் சரி. ஊர் சரி. துஆ சரி. படம்? படம் மட்டும் நம்முடைய தலைவரின் படம்! ஹஜ்ஜுக்குப் போய் வந்தபோது மாலையோடு எடுத்த படம்! பெயரைத் தட்டித் தேடியிருக்கிறார், முதலில் வந்து நின்றது எங்கள் மச்சானின் முகம்.

ஊரின் பெயரை யார் வாசித்தார்கள்? ஒருவராவது வாசித்தீர்களா? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஒரு கையும் இல்லை! நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். நம்மிடம் மையத்தை, இறந்தவர் உடலை, வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இல்லை. காலையில் மௌத்தென்றால் பின்னேர அசர் தொழுகைக்கு முன்னம் அடக்கிவிட வேண்டும். ஆகவே கேள்விப்பட்டதும் ஓடுவோம். ஓடுகிறவன் நின்று ஊர்ப்பெயர் வாசிப்பானா?

ஓடினோம்! சாய்ந்தமருதிலிருந்து ஓடினார்கள், அட்டாளைச்சேனையிலிருந்து ஓடினார்கள். தறப்பாள் வந்தது, கதிரை வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, பள்ளிவாசலிலிருந்து மையத்தைச் சுமக்கும் சந்தூக்கும் வந்தது. எல்லாம் வந்தன, மையத்து மட்டும் வரவில்லை! முற்றத்தில் நின்றவர்கள் அது வைத்தியசாலையிலிருந்து வருகிறதாம் என்றார்கள். வாசலில் நின்றவர்கள் வயலிலிருந்து வருகிறதாம் என்றார்கள். யாரோ கொண்டுவருகிறார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். வரும் வழியிலேயே இரங்கலுரை தயார். அருமையான உரை, அன்பர்களே! எதுகை பிசகாத உரை! அதைப் பேச முடியாமல் போனதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன வருத்தம் உண்டு.

சிரிக்காதீர்கள் மச்சான், உங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடந்தது? நல்லரெத்தினம் மாஸ்டர், உங்களுக்குத் தெரியும், உங்களோடு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வெளியில் போவதில்லை, அலங்கரித்துக்கொள்வதில்லை. அந்தத் தெருப் பெண்கள் கெட்டிக்காரிகள். ஆண்கள் கதிரையை இறக்கி முடிக்கும் முன்னே, அவர்கள் ராத்தாவை அறைக்குள் கொண்டுபோய் இருத்தி, வாசலுக்குத் திரை கட்டி, வளையலைக் கழற்றி, வெள்ளை உடுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பகல் ஏறியது. வெயில் ஏறியது. அப்போது வந்தார் ஐயா! உழவு மெசினில், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்தார். தெருமுனையிலேயே தறப்பாளைக் கண்டார். கூட்டத்தைக் கண்டார். மனிதர் பதறிப்போனார். மெசினை விட்டிறங்கி, முதலில் கண்டவரைப் பிடித்துக் கேட்டார்:

"ஆரு மௌத்து?"

அந்த மனிதர், பாவம், ஆளைச் சரியாக நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"முகைதீன்பாவா காக்கா."

எங்கள் தலைவரின் வாய், வருடக்கணக்கான பழக்கத்தில், தானாகவே சொல்லிவிட்டது: "இன்னாலில்லாஹி! நல்ல மனிசனாச்சே!"

உலகத்தில் தன் மௌத்துக்குத் தானே அனுதாபம் தெரிவித்த முதல் மனிதர் நமது தலைவர்! கை தட்டுங்கள்! தட்டுங்கள், அவருக்கு அது பிடிக்கும்!

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒருவர் அலறினார், இருவர் ஓடினார்கள், சந்தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள். தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, விரித்திருந்த பாயெல்லாம் சேறாக, நேரே வீட்டுக்குள் போனார். அன்றைக்கு ராத்தா சேற்றுக் காலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது யாருக்கும் கவனமில்லை, எனக்கும் அப்போது கவனமில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். தலைவர் குளித்தார், சாப்பிட்டார், போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை! தன் ஜனாஸா அறிவித்தலின் கீழே ஊரே எழுதியிருந்ததை ஒவ்வொன்றாய் வாசிக்கத் தொடங்கினார். 'கிழக்கின் தங்கம்.' 'ஏழைகளின் நிழல்.' வாய்க்கால் சண்டையில் பல வருடம் முகம் கொடுக்காதவர் எழுதியிருந்தார், 'நீதியின் சிகரம் சாய்ந்தது' என்று. சிலவற்றை எனக்கு வாசித்துக் காட்டி, "பாருங்க மச்சான், நான் எப்பிடிப்பட்ட ஆள்!" என்றார். மௌத்தானால் இவ்வளவு மரியாதையா? மௌத்தாகாமலே இவ்வளவும் கிடைத்ததா? அவர் நிலத்தில் நடக்கவில்லை, அன்பர்களே.

அன்று பின்னேரம்தான் மருமகன் பஸால் வந்தார், மாமாவைச் சுகம் விசாரிக்க. விசாரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. படித்த பிள்ளை, ஒரு பகிடி விட்டார்:

"மாமா, ஒரு உலகத்துல நீங்க மௌத்து, ஒரு உலகத்துல ஹயாத்து. குவாண்டம் பௌதிகத்துல இப்பிடித்தான்."

"அது என்ன?" என்றார் மாமா.

முடிந்தது கதை! பஸால் சொன்னதை நான் என் புடவைக்கடை அறிவுக்கு எட்டியபடி சொல்கிறேன், பிழையிருந்தால் அவர் திருத்தட்டும். அணுவுக்குள்ளே இலத்திரன் என்று ஒன்று. கண்ணுக்குத் தெரியாத பொடிசு. அதன் முன்னே இரண்டு வழி இருந்தால் அது இரண்டாலும் போகுமாம். நாம் அளந்து பார்க்கும்போதுதான் ஏதோ ஒரு வழியில் அகப்படுமாம். அப்படியானால் மற்ற வழியில் போனது எங்கே? அழிந்ததா? ஒழிந்ததா? ஒரு சாரார் சொல்கிறார்கள், அழியவில்லை, அதுவும் நடந்தது, உலகமே இரண்டாய்ப் பிரிந்து அது மற்ற உலகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்குப் பெயர் சமாந்தரப் பிரபஞ்சங்கள். ஒன்றா? இரண்டா? எண்ண முடியாதவை!

தலைவர் யோசித்தார். வட்டவிதானையல்லவா, வாய்க்காலால்தான் யோசிப்பார்.

"மதகுல வாய்க்கால் பிரியிற மாதிரியா, மகன்?"

"ஓம் மாமா. ஆனா வாய்க்கால் பிரிஞ்சா தண்ணி பாதி பாதி. உலகம் பிரிஞ்சா பாதி இல்ல. ரெண்டு பக்கமும் முழுசு."

"முழுசா? ரெண்டு பக்கமும் முழு வாய்க்காலா? குளத்துல தண்ணி குறையாதா?"

"குறையாது மாமா."

மச்சானின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வாலிப வயதிலிருந்து மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவே, மண்வெட்டியோடு நிற்கும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, ஏச்சு வாங்கி, பேச்சு வாங்கி, சில நாட்களில் அடியும் வாங்கி நீர் பங்கிட்டவர். அவருக்கு முன்னால் வந்து, பங்கிடத் தேவையில்லாத வாய்க்கால் ஒன்று உண்டு என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நம்பினார். முழு மனதோடு நம்பினார்.

பஸால் அதோடாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? தலையைக் குனிய வேண்டாம் மருமகன், நிமிர்ந்து உட்காருங்கள். அவர் அடுத்த படிக்குப் போனார். ஓர் ஆள் சாகவும் கூடும், தப்பவும் கூடும் என்று ஒரு கட்டம் வருகிறது. உலகம் பிரிகிறது. செத்த உலகத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. தப்பிய உலகத்தில்தான் அவருக்கு உணர்வு இருக்கும். ஆகவே அவரைக் கேட்டால், அவர் எப்போதும் தப்பிக்கொண்டே இருப்பார்! "ஆனா மாமா, இது ஆரும் நிரூபிக்கல்ல, சும்மா ஒரு யோசனை, கனபேர் இதை ஏத்துக்கொள்ளவும் இல்ல" என்றும் பஸால் சொன்னார். நேர்மையான பிள்ளை. ஆனால் அந்தக் கடைசி வரி வரும்போது மாமா எழும்பி ராத்தாவிடம் வட்டிலப்பம் கேட்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விஞ்ஞான யுகம்! டொக்டர் தந்த குளிசையை நிறுத்தினார். எருமைத் தயிரைத் தொடங்கினார். பிரதான வீதியை இடமும் வலமும் பார்க்காமல் கடந்தார். பஸ்காரன் பிரேக் அடித்து ஏசினால், "மத்த உலகத்துல அடிச்சிட்டாய் தம்பி, பயப்படாத" என்று ஆறுதல் சொன்னார்! டொக்டரிடம் அழைத்துப் போனோம். டொக்டர் படத்தைக் காட்டி, வெட்ட வேண்டும் என்றார். இவர் கேட்டார்:

"நீங்க வெட்டினாலும் நான் இருப்பன், வெட்டாட்டியும் இருப்பன். மறுகா என்னத்துக்கு வெட்டுவான்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மௌலவி அவர்கள் வீடு தேடி வந்தார்கள். "ஹாஜியார், மௌத்து எல்லாருக்கும் உண்டு. அது நம்மட ஈமான்." தலைவர் மறுக்கவில்லை. "ஓம் மௌலவி, உண்டுதான். அது மத்த உலகத்து முகைதீன்பாவாக்களுக்கு." மௌலவியும் விடவில்லை. "அப்ப மறுமையில எத்தின முகைதீன்பாவா எழும்புற? கேள்வி கணக்கு ஆருக்கு?" மச்சான் தாடியைத் தடவினார், முகட்டைப் பார்த்தார், பின் சொன்னார்: "தொழுதது எனக்கு. பிழை விட்டது அவனுகளுக்கு." மௌலவி அவர்களே, நீங்கள் அன்று சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இன்றாவது சிரித்துவிடுங்கள்.

நல்லரெத்தினம் மாஸ்டரும் வந்து பார்த்தார். "ஹாஜியார், நாங்க செத்துச் செத்துப் பிறக்கிற ஆக்கள். நீங்க சாகாமலே இருக்கப் பாக்கிறீங்க. ரெண்டும் கரைச்சல்தான், ஒருக்காக் கண்டிக்குப் போய் வாங்களன்" என்றார். அதுவும் எடுபடவில்லை.

ஆகவே, பெரியோர்களே, இன்றைக்கு என் முறை!

தலைவர் அவர்களே, நான் உங்கள் விஞ்ஞானத்தை மறுக்க வரவில்லை. மறுக்க எனக்கு என்ன தெரியும்? பஸாலுக்கே பாதிதான் தெரியும் என்று அவரே சொல்கிறார். ஆகவே முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். எத்தனையோ உலகங்கள் உண்டு. ஒப்புக்கொண்டேன்! ஒவ்வொரு கட்டத்திலும் அவை பிரிகின்றன. ஒப்புக்கொண்டேன்! உங்கள் கணக்கில் நீங்கள் சாகவே மாட்டீர்கள். ஒப்புக்கொண்டேன்! கை தட்டாதீர்கள் மச்சான், பொறுங்கள்.

சாகமாட்டீர்கள் என்றுதான் அந்த யோசனை சொல்கிறது. சுகமாக இருப்பீர்கள் என்று எந்த இடத்தில் சொல்கிறது? குழாய் அடைத்தாலும் உயிர் இருக்கும். குழாய் திறக்கும் என்று யார் சொன்னது? முந்நூறு வயதில் முகைதீன்பாவா ஹாஜியார்! பல் இல்லை. பார்வை இல்லை. மூச்சு வாங்குகிறது, முழங்கால் மடங்கவில்லை. வட்டிலப்பத்தை வாசலில் கண்டாலே சீனி ஏறுகிறது. எழும்ப முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, மௌத்தும் இல்லை! இதற்குப் பெயர் வரமா? வாழ்வா? இதற்காகவா குளிசையை வாய்க்காலில் வீசினீர்கள்?

ஏன் மச்சான் மணியை அடிக்கிறீர்கள்? நேரம் முடிந்துவிட்டதா? மற்ற உலகத்தில் முடிந்திருக்கும். இந்த உலகத்தில் இன்னும் இருக்கிறது. மணியை அடிக்க வேண்டாம், நான் இனித்தான் சொல்ல வந்ததைச் சொல்லப் போகிறேன். மௌலவி அவர்களே, அந்த மணியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் எடுத்துவையுங்கள். ஜஸாக்கல்லாஹ்.

நேற்று நான் ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இந்த உரையை அவளுக்குப் பேசிக் காட்டினேன். ஒரு தரமும் சிரிக்கவில்லை. என் உரைக்குச் சிரிக்காத ஒரே ஆள் என் ராத்தா. பேசி முடித்ததும் மீனைப் பார்த்தபடியே கேட்டாள்:

"தம்பி, அவர் ஒவ்வொரு தரமும் தப்புவாராம். செரி. அவர் மௌத்தான மத்த உலகத்துல ஆரு இருக்கிற?"

"அங்க வேற ஒரு ராத்தா இருப்பா" என்றேன்.

"வேற ஆரும் இல்ல. நான்தான். பஸால்ட்டக் கேட்டனான். எல்லாம் முழுசாத்தான் பிரியுமாம். நானும் முழுசாத்தான் பிரிவனாம். அப்ப அவர் ஒவ்வொரு தரம் தப்பக்குள்ளயும் ஒரு ஹாஜறா இத்தா இருக்கணும்."

அவள் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்டைக்கு நான் அந்த உலகத்துக்குப் போய் வந்தனான், தம்பி. அவர் போகல்ல. அவர் வயலுக்குப் போய் வயலால வந்தவர். நான்தான் அங்க போனனான். அங்க அவர்ர சாரன் கொடியில காயுது. அவர்ர கண்ணாடி மேசையில கிடக்கு. அவருக்கும் சேத்து ஆக்கின சோறு அடுப்படியில கிடக்கு. அந்தச் சோத்த என்ன செய்யிற எண்டு எனக்குத் தெரியல்ல. ஆரிட்டயும் கேக்கவும் ஏலாது. அவர் அங்க இல்ல, அவருக்கு ஒண்டும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

கேட்டீர்களா? கேட்டீர்களா தலைவர் அவர்களே?

நீரை நீதியாய்ப் பங்கிட்டவரே! மேல் வயல் நிறையும்போது கீழ் வயல் காய்ந்தால் இரவெல்லாம் உறங்காதவரே! இது என்ன பங்கீடு? தப்புவதெல்லாம் உங்களுக்கு, தவிப்பதெல்லாம் அவளுக்கா? ஹயாத்தெல்லாம் உங்கள் பக்கம், இத்தாவெல்லாம் அவள் பக்கமா? நீங்கள் ஓர் உலகத்திலும் சாகமாட்டீர்கள். ஒப்புக்கொண்டேன். அவள் எத்தனை உலகத்தில் கைம்பெண் ஆவாள்? அவள் கண்ணீரும் பாதி பாதியாய்ப் பிரியாதே, மச்சான்! அதுவும் முழுசாகத்தானே பிரியும்! நம்முடைய மௌத்து நமக்குத் தெரியாமல் போகலாம். அதைச் சுமக்கிறவர்கள் வேறு ஆட்கள். சாகாவரம் சாகிறவனுக்கு மட்டும் கிடைத்து என்ன பயன்?

கண்டியில் கத்தி வைத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது. அது அல்லாஹ்வின் கையில். ஆனால் வெட்டினால் தப்பும் உலகம் கூடுதல், வெட்டாவிட்டால் குறைவு என்று டொக்டர் சொல்கிறார். எத்தனையோ ஹாஜறாக்களின் சோறு வீணாகாது. அந்தப் பெண்களுக்காகப் போகக்கூடாதா? எங்கேயோ இருக்கும் அவர்களை விடுங்கள். இதோ, அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் இந்த ஒரு பெண்ணுக்காகப் போகக்கூடாதா?

தலைவர் எழும்புகிறார். மைக் வேண்டுமா மச்சான்? வேண்டாமா? எங்கே போகிறீர்கள்? படி, படி, பார்த்து இறங்குங்கள். யாராவது கையைப் பிடியுங்கள்.

அமைதி, அன்பர்களே, அமைதி. அவர் பெண்கள் பக்கம்தான் போகிறார். யாரும் எழும்ப வேண்டாம்.

பின்னால் இருப்பவர்கள் என்ன நடக்கிறது என்று கேட்கிறீர்கள். தலைவர் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். ராத்தா எழுந்து வந்திருக்கிறாள். அவர் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்டது, சொல்கிறேன். "புள்ள, அண்டைக்கு நீ அழுதியா?" என்று கேட்டார்.

ஊர் முழுவதும் எழுதியதை மாதக்கணக்காய் வாசித்த மனிதர், அன்பர்களே, இதை இன்றைக்குத்தான் கேட்கிறார்.

ராத்தா "ஓம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மச்சான் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைக்கிறார். பேசுகிறார். கொஞ்சம் சத்தமாய்ச் சொல்லுங்கள் மச்சான், ஊர் கேட்கட்டும். கேட்டதா? கேட்டதா உங்களுக்கு? "எழும்பு, ஊட்ட போவம். விடியக் கண்டிக்குப் போகணும். உடுப்பு அடுக்கக் கிடக்கு."

அல்லாஹு அக்பர்!

தலைமை நாற்காலி காலியாகிவிட்டது. கூட்டத்தை முடித்துவைக்கத் தலைவர் இல்லை, ஆகவே நானே முடிக்கிறேன். இவ்வளவு நேரம் பொறுமையாய் இருந்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்த ஊராருக்கும், காரைதீவு அன்பர்களுக்கும், திரைக்கு அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்கும் புடவைக்கடைக் காலிதீனின் நெஞ்சார்ந்த நன்றி. நாளை மறுநாள் காலையில் அவருடைய நெஞ்சைத் திறக்கிறார்கள். இந்த உலகத்தில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு முகைதீன்பாவா. தொழுகிறவர்கள் தொழுது கேளுங்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில் கேளுங்கள். எனக்கும் பயமாக இருக்கிறது. வஸ்ஸலாம். வணக்கம்.